முள் தின்னும் வயிறு

நிறுவனம் எங்கள் மின்நிலையத்துக்கு வைத்த பெயர் வாயில் நுழையாது. செங்கழனியேந்தல் ஊர்க்காரர்கள் அதை நுழைக்க மெனக்கெடவும் இல்லை. 'வயிறு' என்று கூப்பிட்டார்கள், அதோடு முடிந்தது. காலையில் நான் சைக்கிளில் போகும்போது, "என்ன இஞ்சினியரம்மா, வயித்துக்குச் சாப்பாடு போட்டாச்சா?" என்று கேட்பார்கள். அமலி என்கிற இந்த இஞ்சினியரம்மாவின் வயிற்றைப் பற்றி இதுவரை ஒருத்தரும் விசாரித்ததில்லை.

ஆனால் பெயர் பொருத்தம்தான். கல்யாண மண்டபம் அளவுக்கு மூடிய எஃகுத் தொட்டி. உள்ளே ஆய்வுக்கூடத்தில் பிறந்த நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருந்தன. சீமைக் கருவேல மரத்தைச் சில்லு சில்லாக நறுக்கி மேலே கொட்டினால், அவை தின்று செரித்து எரிவாயுவாக ஏப்பம் விடும். அந்த வாயுவில் மின்சாரம். மரத்தை அப்படியே அடுப்பில் போட்டு மின்சாரம் எடுத்த காலத்தில் அதன் சக்தியில் முக்கால்வாசி சூடாகவும் புகையாகவும் வீணாய்ப் போனது. வயிறோ பாதிக்கு மேல் மின்சாரமாகத் தந்தது. அந்தத் திறனுக்காக நிறுவனம் டில்லியில் விருது வாங்கி, அன்றன்றைய திறன் எத்தனை சதவீதம் என்று வாசலில் ஒரு மின்பலகையும் மாட்டியது.

அந்த மின்சாரத்தில் ஊருக்கு இரண்டு காரியம் நடந்தது. உப்பாகிப் போன நிலத்தடி நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று. சுகாதார நிலையத்தின் டயாலிசிஸ் அறை இன்னொன்று. ஆலை வருவதற்கு முன்னால் உப்புத் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் போயிருந்தது. மிச்ச மின்சாரம் கம்பியேறி வெளியூர் போனது.

ராமநாதபுரத்து வெயிலில் சூரிய மின்சாரம் இல்லாமலா என்று கேட்பீர்கள். ஊருக்கு மேற்கே கண்ணுக்கெட்டிய தூரமும் சூரியப் பலகைகள்தான். அதன் ஒப்பந்தம் அப்படி. அத்தனையும் எங்கேயோ இருக்கும் கணினிக் கிடங்குகளுக்கு ஓடியது. எங்களுக்கு அதிலிருந்து ஒரு பல்பு எரியவில்லை.

வயிற்றுக்கு ஆபத்து வந்தது, அது தன் வேலையைச் சரியாகச் செய்ததால். கருவேலம் தீர்ந்துகொண்டிருந்தது.

அதற்குக் காரணம் ஊராட்சித் தலைவி பூமயில். ஐம்பதைத் தாண்டியவர், குரல் மட்டும் இன்னும் இருபதில் நின்றது. கண்மாய் முழுக்கக் கருவேலம் மண்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் தங்காமல் கிடந்ததைப் பார்த்தே வளர்ந்தவர். வெட்டுக் குத்தகைக்காரர்களுக்கு முழங்கால் உயரத்தில் வெட்டினால் போதும், மறு வருஷம் தழைத்துவிடும். பூமயில் விடவில்லை. கரையில் நின்றுகொண்டு, "தூரோட பிடுங்கு, இல்லாட்டி வண்டிய எடு" என்பார். பதினைந்து வருஷம் அப்படி நின்றார். இந்த ஆண்டுதான் கண்மாய் சுத்தமாகி, ஊருணி ஊற்றில் லேசான உவர்ப்போடு தண்ணீர் தலைகாட்டியிருந்தது. ஐப்பசி மழையில் கண்மாய் பெருகினால், முப்பது வருஷமாகத் தரிசாகக் கிடந்த வயல்களில் நெல் விதைப்பதாக ஊர் முடிவு செய்திருந்தது. எனக்கு அந்த அம்மாவிடம் மரியாதையும் உண்டு, பயமும் உண்டு.

நிறுவனத்தின் மண்டல மேலாளர் சுகவனம் பேச வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். ஊராட்சி அலுவலகத்தில் பூமயிலுக்கு எதிரே உட்கார்ந்து, தான் கொண்டுவந்த தண்ணீரைத் தானே குடித்துக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு மாசத்துக்குத்தான் தீனி இருக்கு. அப்புறம் உள்ள இருக்கற உயிரெல்லாம் பட்டினியில செத்துடும். செத்தா மறுபடி உண்டாக்க முடியாது."

"காஞ்ச பருத்திமார் இருக்கு, மொளகாச் செடி இருக்கு. அதப் போட்டா திங்காதா?" என்று பூமயில் என்னைப் பார்த்தார்.

"திங்காது தலைவரம்மா. கருவேலத்துல ஒரு கசப்புச் சத்து இருக்கு. அது கிடைக்கலைன்னா சாகற மாதிரிதான் இதுகள உண்டாக்கியிருக்காங்க. தொட்டி உடைஞ்சு வெளிய வந்தா நம்ம வீட்டு உத்தரத்தையும் வைக்கப்போரையும் தின்னுடக் கூடாதுல்ல? அதுக்குப் போட்ட பூட்டு."

"பூட்டுப் போட்டாக, சரி. சாவி?"

"சாவி செய்யலை."

சுகவனம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். புதிய ரகக் கருவேலம். இலையில் லேசாக நீலம் ஓடியது. "மூணு மாசத்துல ஆள் உயரம் வந்துடும். கண்மாய்க்குள்ள மட்டும் விதைச்சாப் போதும். வயித்துக்குக் காலத்துக்கும் பசியிருக்காது."

பூமயில் படத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "இது எம்புட்டுத் தண்ணி குடிக்கும்?"

"அது எங்க திறன் கணக்குல வராதும்மா. எங்க கணக்கு நிலையத்து கேட்டுக்குள்ள மட்டும்தான்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. சம்பளம் கொடுக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பும் வராது. "நான் போட்டுப் பாத்தேன். மரம் நிலத்துலருந்து மூணு குடம் தண்ணி குடிச்சா, அதுல வர்ற மின்சாரத்த வச்சு ஆலை நமக்கு ஒரு குடம் தரும்."

"அட!" என்றார் பூமயில். "மூணு குடத்த எடுத்துக்கிட்டு ஒரு குடத்தக் குடுத்துட்டு, விருதும் வாங்கிக்கிறீகளா?"

சுகவனம் கோபப்படவில்லை. என்னை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். "ஆலை நின்னாலும் ஊத்துத் தண்ணியக் காய்ச்சிக் குடிச்சுச் சமாளிச்சிடுவீங்க. டயாலிசிஸ் ரூம் நின்னா என்ன செய்வீங்க? மதுரையில இடம் கிடைக்க வருஷக் கணக்கா காத்துக் கிடக்கறாங்க. இங்க படுக்கறவங்கள்ல ஒருத்தங்க உங்க தம்பி சம்சாரம்னு கேள்விப்பட்டேன்."

பூமயிலின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். தம்பி மனைவி செல்லக்கிளிக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. வாரத்துக்கு மூன்று தடவை அந்த அறையில் படுத்தால்தான் அவளுக்கு உயிர்.

"கம்மாய்க்குள்ள முள்ளு வராது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஆனால் வழக்கம்போல் வாசல்வரை வந்து வண்டி ஏற்றிவிடவில்லை.

அதன்பிறகு நிறுவனம் விதைக்கவில்லை. வற்புறுத்தவும் இல்லை. நான் நிம்மதியாக இருந்தேன். பெரிய நிறுவனம் வாயை மூடிக்கொண்டால் நிம்மதிப்படக் கூடாது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

விதைப்புக்கு முன்னால் எல்லோரும் வயலில் கிடை போட்டார்கள். ஆட்டு மந்தையை ராத்திரி முழுக்க ஒரு வயலில் அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் உரமாக விழும், அதுதான் கிடை. இந்தப் பக்கத்தில் கிடை போடாமல் விதைத்தவனை ஊர் சோம்பேறி என்று சொல்லும். மந்தைக்காரர் பூமயிலின் தம்பிதான், பெயர் வழிவிட்டான். "எங்க வயல்ல ரெண்டு ராத்திரி போடுப்பா", "எங்களுக்கு மட்டும் ஓரவஞ்சனையா?" என்று ஊரே அவர் பின்னால் அலைந்தது. பகலில் ஆடுகள் கண்மாய்க்குள் மேய்ந்தன, படுத்தன, புழுக்கை போட்டன. ஒருத்தரும் தடுக்கவில்லை. உரம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

பிறகு ஒரு கோடை மழை பெய்தது. ஒரே வாரத்தில் கண்மாய்க்குள்ளும் வயல்களிலும் கீரை முளைத்ததுபோல் கன்றுகள் எழும்பின. முதலில் எல்லோரும் புல் என்றுதான் நினைத்தார்கள். நான் குனிந்து ஒன்றைப் பார்த்தேன். இலையில் நீலம் இருந்தது. பக்கத்தில் கிடந்த காய்ந்த புழுக்கையை உடைத்துப் பார்த்தேன். உள்ளே வழவழவென்று ஒரு விதை.

ஆட்டின் குடலுக்குள் போய் வந்த கருவேல விதைக்கு வேறு வைத்தியம் வேண்டாம். ஈரம் பட்டால் முளைத்துவிடும். எனக்கு வந்த ஆத்திரத்தில் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

பூமயிலும் நானும் வழிவிட்டானைச் சுகாதார நிலையத்து வராந்தாவில் பிடித்தோம். செல்லக்கிளி உள்ளே படுத்திருந்தாள். அவர் அவளுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"ஆட்டுக்கு என்னடா போட்ட?" பூமயில் குரலை அடக்கித்தான் கேட்டார்.

"நெத்து." கருவேலங்காய் காய்ந்தால் நெற்று. ஆடுகளுக்கு அது மிட்டாய் மாதிரி.

"ஆரு குடுத்தா?"

"கம்பெனிலருந்து மூடை மூடையா எறக்குனாக."

"தீவனம்னு சொல்லி ஏமாத்திட்டாகளா?"

அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம். அக்காள் அதைத்தான் எதிர்பார்த்தார். அந்தப் பொய்யை அவர் கையில் எடுத்துக் கொடுத்ததே அக்காள்தான். வழிவிட்டான் வாங்கிக்கொள்ளவில்லை.

"இல்லக்கா. அவுகளுக்கு இந்தப் புத்தியெல்லாம் ஏது? நாந்தான் சொன்னேன். வெதச்சா எங்கக்கா பிடுங்கிரும், கெடை போட்டா ஊரே கூப்பிட்டுப் போட வைக்கும்னு."

"அடப்பாவி."

"ஒனக்குக் கம்மா வேணும். எனக்கு அவ வேணும். நீ அவகிட்ட வந்து, வயிறு நிக்கப்போகுது, இனிமே வராதன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பியா? ஒன்னால முடியாதுக்கா. அதான் நான் செஞ்சேன்."

உள்ளே இயந்திரம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. நான் சுகவனத்தைத் திட்டுவதற்கு வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அந்த வராந்தாவில் ஒன்றும் செல்லுபடியாகவில்லை. வழிவிட்டானைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. திட்டாமல் விட்டதற்காக என் மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் காலையில் பூமயில் நிலையத்துக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது, பேச்சில் கலக்கமில்லை.

"வெளியூருக்கு அனுப்புறத நிப்பாட்டு. தண்ணி ஆலையவும் நிப்பாட்டு. டயாலிசிஸ் ரூமு மட்டும் ஓடணும்னா, வயித்துக்கு எம்புட்டுப் போடணும்?"

"ரொம்பக் கொஞ்சம் போதும். ஆனா இவ்வளவு பெரிய வயிறு, கொஞ்சமாப் போட்டா, தான் உயிரோட இருக்கறதுக்கே பாதியத் தின்னுடும். திறன் பாதாளத்துக்குப் போயிடும்."

"போகட்டும். இப்ப மொளச்சிருக்குல்ல, அந்தக் கன்னுகள எல்லாம் தூரோட பிடுங்கிப் போட்டாப் பத்துமா?"

நான் கணக்குப் போட்டேன். கையிருப்பில் இருக்கும் மரத்தோடு அந்தக் கன்றுகளையும் காயவைத்து அளந்து போட்டால், வருகிற தை மாதம்வரை அந்த ஓர் அறைக்கு ஓட்டலாம். அதற்குமேல் ஒரு பிடி இல்லை.

"தைக்குள்ள மேக்க இருக்குற சூரியப் பலகைக் காட்டுலருந்து நம்ம ஆசுபத்திரிக்கு ஒரு கம்பி இழுத்துரணும்" என்றார். "மனுக் குடுத்துக் குடுத்து எங்கையி தேஞ்சதுதான் மிச்சம். இனிமே அவுக வாசல்ல போயி ஒக்காந்துர வேண்டியதுதான். சரி, ஒன் வேல போயிருமா?"

"போயிடும்னுதான் நினைக்கறேன்."

"நெனைக்கிறியா? போயிரும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, வெளியூர்க் கம்பிக்குப் போகும் விசையை இறக்கினேன்.

வாசல் பலகையில் திறன் பதினோரு சதவீதத்துக்கு இறங்கிய அன்று சுகவனம் கூப்பிட்டார். "என்ன செய்யறோம்னு தெரிஞ்சுதான் செய்யறீங்களா அமலி?"

"தெரியும் சார்."

"உங்களை மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

"மாத்துங்க சார். வர்றவர் இதைச் சாகவிடாம ஓட்டக் கத்துக்கற வரைக்கும் நான்தான் பக்கத்துல நிக்கணும். மெதுவாவே அனுப்புங்க."

ஊரைச் சம்மதிக்க வைத்தது அதைவிடக் கஷ்டம். குழாயில் நல்ல தண்ணீர் வந்து பழகியவர்கள் ஊருணிக்குக் குடத்தோடு நடக்க முகம் சுளித்தார்கள். ஊர்ப் பொதுத்திடலில் கூட்டம் கூடியது. வழிவிட்டான் செய்ததைப் பூமயில் மறைக்கவில்லை. தன் தம்பி செய்தது என்று எழுந்து நின்று சொன்னார். நாலு பேர் வழிவிட்டானை அடிக்கக் கிளம்பினார்கள், நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் குடிமராமத்து என்று முடிவாயிற்று. கண்மாய் வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்பது இங்கே கேள்வி கேட்காத பழக்கம். கயிறு போட்டு அளந்து, வீட்டுக்கு ஒரு பங்கு என்று கண்மாயையும் வயலையும் பிரித்தார்கள். அவரவர் பங்கில் ஒரு கன்று இல்லாமல் பிடுங்கித் தர வேண்டும். ஒன்று நின்றாலும் போச்சு, அடுத்த கோடைக்குள் அது காடாகிவிடும்.

கன்றுகள் அதற்குள் இடுப்புயரம் வந்திருந்தன. முள் கையைக் கிழித்தது. அரசாங்க வேலையில் இருந்தவர்கள் லீவு போட்டு வந்தார்கள். பிடுங்கியதையெல்லாம் டிராக்டரில் ஏற்றி வயிற்றுக்கு அனுப்பினார்கள். வழிவிட்டான் ஒருவரோடும் பேசாமல் தன் பங்கைப் பிடுங்கினார். பக்கத்துப் பங்குக்காரர் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கமாக நகர்த்தி வைத்ததை நான் பார்த்தேன்.

கடைசி நாள் சாயங்காலம் பூமயில் ஒவ்வொரு பங்காகச் சரிபார்க்கக் கிளம்பினார். நானும் கூட நடந்தேன். செல்லக்கிளி வீங்கிய காலோடு கரையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

முதல் பங்கின் மூலையில் ஒரு பனையோலை கிடந்தது. காலால் தள்ளினேன். கீழே இரண்டு கன்றுகள் வளைத்துப் படுக்கவைக்கப்பட்டிருந்தன, வேரோடு, உயிரோடு. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். அடுத்த பங்கில் வரப்போரமாக, சருகுக்குள் மூன்று. அதற்கடுத்ததில் கல்லுக்குப் பின்னால் ஒன்று. பூமயில் வாயைத் திறப்பார், ஊர் கிடுகிடுக்கும் என்று காத்திருந்தேன். அவர் நடந்துகொண்டே இருந்தார்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. வழிவிட்டானை அடிக்க ஓடியவர்களின் பங்கிலும் இருந்தன. தைக்குள் கம்பி வராமல் போய்விட்டால், வயிறு நின்றுவிட்டால், அந்தப் பெண்ணுக்கு என்று ஆளாளுக்கு நாலு முள்ளை ஒளித்து வைத்திருந்தார்கள். அத்தனையும் சேர்ந்தால் கண்மாய் போய்விடும் என்பதும் அந்த நிமிஷத்தில் தெரிந்தது.

செல்லக்கிளியும் பார்த்துவிட்டாள். கரையிலிருந்து மெல்ல இறங்கி வந்தாள். முதல் பங்கின் மூலைக்குப் போய், ஓலையை நீக்கி, இரண்டையும் பிடுங்கினாள். அடுத்த பங்குக்கு நடந்தாள். யாரோ, "விடு தாயி, கெடந்துட்டுப் போகட்டும்" என்றார்கள்.

"எதுக்கு? எம்பேரச் சொல்லி முள்ளு வளக்காதீக" என்றாள். மூச்சு வாங்கியது. "நான் இருந்தாலும் போனாலும், நாளைக்கு இந்த முள்ளு காலுல குத்துறப்பெல்லாம் என்னையத்தான வைவீக? பலகைக் காட்டு வாசல்ல போயி ஒக்காருவோம்னு பேசுனீகள்ல, அங்க எனக்கு மொத வரிசையில எடம் போடுங்க. அங்க வந்து ஒக்காருறேன். இந்தப் பிச்ச வேணாம்."

பங்கு பங்காகப் போனாள். வழிவிட்டான் தன் பங்கில் வைக்கோலுக்கடியில் விட்டிருந்தவற்றைத் தானே எடுத்துக் கொடுத்தார், அவள் முகத்தைப் பார்க்காமல். கடைசியாக மடையோரத்துப் பங்கு. ஆளில்லாத ஒரு வீட்டுக்கு விழுந்தது என்பதால் ஊராட்சித் தலைவியே தன் கையால் பிடுங்கிய பங்கு. அங்கே பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

செல்லக்கிளி மடைக்கல்லுக்குப் பின்னால் குனிந்தாள். ஒரு கொத்துக் கன்றுகள், எண்ணினால் வேறு எந்தப் பங்கில் இருந்ததைவிடவும் அதிகம், சாக்கு போர்த்தி நின்றிருந்தன. அடியில் தண்ணீர் ஊற்றிய ஈரம்கூடக் காயவில்லை.

"மதினி," என்றாள். "நீங்களுமா?"

பூமயில் அவ்வளவு பெரிய ஊருக்கு முன்னால் திருடி மாதிரி நின்றார். செல்லக்கிளி சாக்கை எடுக்கக் கை நீட்டியபோது மட்டும் அவளைத் தள்ளி நிறுத்திவிட்டு, தானே மண்டியிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகப் பிடுங்கினார், எல்லோரும் பார்க்க, அழுதுகொண்டே.